மூடுபனிக்குள் ஹோர்ன் அடித்த ஞாயிறு

1. வேலை வந்த வழி

இத்தாலியில், பலெர்மோவில், ஒரு கல்லூரிக்கு ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு அணி இருந்தது என்று சொன்னால் இப்போதும் சிலர் சிரிப்பார்கள். கடலும் வெயிலுமாக இருக்கிற ஊர். ஆனால் வாகனத்தில் இரண்டு மணித்தியாலம் ஏறினால் மதோனியே மலை வந்துவிடும். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்த அணியின் வான் சாரதியாக நான் மலைக்குப் போய் வந்தேன்.

வேலை என் மனைவி ரெஜினா மூலம் கிடைத்தது. அவள் லிபெர்த்தா வீதியில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் பல வருடங்களாக வேலை செய்தாள். சின்யோராவின் மகள் ஜூலியா அணியில் சேர்ந்திருந்தாள். பயிற்சியாளர் நீனோ, நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது தானே வானையும் ஓட்டுவார். மலைப்பாதை வளைவுகளை நினைத்து சின்யோராவுக்கு நித்திரை வராது. மன்னாரில் நான் லொறி ஓட்டியவன் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். ரெஜினாவின் கணவன் ஓட்டினால் மகளை விடுவேன், இல்லாவிட்டால் விடமாட்டேன் என்று சின்யோரா நீனோவிடம் சொல்லிவிட்டார்.

பனியை நான் முதலில் தொட்டது முதுகால். சாதாரணச் சப்பாத்தோடு வானை விட்டு இறங்கியவன், வாகனத் தரிப்பிடத்திலேயே வழுக்கி விழுந்தேன். பிள்ளைகள் தூக்கிவிட்டார்கள். நீனோ தன் பழைய பூட்ஸைத் தந்தார். சில்லுக்குச் சங்கிலி கட்டவும், ஷியோலினா என்கிற மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கி ஸ்கீயின் அடியில் பூசவும் பழகினேன். ஸ்கீயில் ஏறி நிற்க மட்டும் கடைசிவரை நான் பழகவில்லை.

2. மூடுபனி

ஒரு வருடம் பனி பிந்தித்தான் விழுந்தது. இரண்டு போட்டிகள் பனியில்லாமல் கைவிடப்பட்டன. கடைசியில் ஒரே ஒரு போட்டி மிஞ்சியது. அதில் தெரிவானால்தான் தீவைத் தாண்டி இத்தாலிப் பெருநிலத்தில் நடக்கும் கல்லூரிப் போட்டிக்குப் போகலாம். ஒரு அணியில் மூன்று பேராவது கொடிக்கம்புகள் நட்ட எல்லா வாசல்களையும் கடந்து கீழே வந்து சேர வேண்டும். எங்கள் பெண்கள் அணியில் இருந்ததே மூன்று பேர்.

முதல் இரண்டு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஜூலியா புறப்பட்டுவிட்டாள் என்று மேலேயிருந்து ரேடியோவில் சொன்னார்கள். அந்த நேரம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. கண் முன்னால் நின்ற வானே தெரியவில்லை. ஜூலியா வரவில்லை.

போட்டியை நிறுத்தினார்கள். மீட்பு ஆட்கள் கொடிக்கம்புகளைப் பிடித்துப் பிடித்து சறுக்குப்பாதையில் தேடிப் போனார்கள். தரிப்பிடத்தில் நின்ற நான் வானில் ஏறி ஹோர்னில் கையை வைத்தேன். எடுக்கவேயில்லை. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீனோ ஓடி வந்து கதவைத் திறந்தார். “அந்தோனியோ, கையை எடு. நீ விடாமல் அடிச்சால் அவள் கூப்பிடுறது எப்பிடிக் கேக்கும்? அடி. நிப்பாட்டு. கேள்.”

அப்படியே செய்தேன். அடிக்கிற நேரம் பரவாயில்லை. நிறுத்துகிற நேரம்தான் தாங்க முடியவில்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. லிபெர்த்தாவில் சின்யோரா இப்போது மேசைக்குத் தட்டு வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். எங்கள் ஊர் மடு மாதாவைக் கூப்பிட்டேன். மற்ற இரண்டு பெண்களும் ஜூலியாவின் ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றார்கள்.

அப்படி ஒரு மௌனத்தில், தேடிப் போனவர்களுக்கு நேர் எதிர்ப்பக்கம், தடியோடு தடி மோதுகிற சத்தம் கேட்டது. ஹோர்னை அடித்தேன். மறுபடி அந்தச் சத்தம், இன்னும் கிட்ட. மீண்டும் அடித்தேன்.

மரங்களுக்கு நடுவிலிருந்து ஜூலியா நடந்து வந்தாள். இடுப்புவரை பனி, தோளில் ஒரு ஸ்கீ, கையில் ஊன்றிச் சறுக்குகிற இரண்டு தடிகள். வாசல் தெரியாமல் பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் விழுந்திருக்கிறாள். மற்ற ஸ்கீ தொலைந்துவிட்டது. எழுந்து அடுத்த பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கத் தொடங்கியவள், ஹோர்ன் கேட்டுத்தான் திரும்பினாளாம்.

எனக்கு இத்தாலியன் மறந்துபோனது. “வா பிள்ளை, வா பிள்ளை” என்றுதான் வாயில் வந்தது. ரெஜினாவின் தமிழைக் கேட்டு வளர்ந்தவள், விளங்கியது. அப்போதுதான் அழுதாள். நீனோ பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

3. சின்யோராவின் வீட்டில்

திரும்பும் வழியில், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஜூலியா கெஞ்சினாள். சொன்னால் இனி விடமாட்டார் என்றாள். வீட்டுக்குள் போனதும் குசினியில் ரெஜினாவிடம் சொன்னேன்.

“இப்பவே போய்ச் சொல்லுங்கோ. வேறை ஆள் சொல்லி அவ அறியக் கூடாது” என்றாள்.

“உன்ரை வேலையும் போனால்?”

“போனால் வேறை வீடு பாப்பம்.”

சின்யோராவிடம் போய், எனக்குத் தெரிந்த இத்தாலியனில் நடந்ததையெல்லாம் சொன்னேன். பாதியில் ஜூலியா வந்து என் பக்கத்தில் நின்றாள். சின்யோரா எழுந்து வந்தார். மகளின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பிறகு, நின்றுபோன போட்டி எப்போது நடக்கும் என்று கேட்டார். அடுத்த ஞாயிறு என்றேன்.

“நானும் வாறன்” என்றார்.

4. அடுத்த ஞாயிறு

வானம் வெளித்திருந்தது. சின்யோரா முன் இருக்கையில் இருந்து, ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிச் செபமாலை உருட்டினார். ஜூலியா மெதுவாக, ஒரு வாசலையும் விடாமல் இறங்கி வந்தாள். மூன்று பேரும் வந்து சேர்ந்ததில் அணி தெரிவானது. பெருநிலத்தில் கடைசிக்குக் கிட்டத்தான் வந்தார்கள். அதற்காக ஒருவரும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் ஒரு சொல்தான் உண்டு. ஏதும் நடந்தால், பெற்றவரிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள், நடுங்கிக்கொண்டென்றாலும். அந்த ஞாயிறு போட்டி முடிந்து மலை இறங்குகையில், அத்தனை வளைவுக்கும் பயந்த சின்யோரா என் பக்கத்து இருக்கையில் தலை சாய்த்து உறங்கிப்போனார். பலெர்மோ வந்த பிறகு நான்தான் எழுப்பினேன்.