நெற்றி தெரியாத படம்

அக்கா வீட்டுக் கூடத்தில் மாமாவின் படம் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா அதைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பாள். சந்தனத்தை விரலில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். நெற்றி எது, கண் எது என்று அந்தப் படத்தில் தெரியாது. பின்னால் இருக்கும் சுண்ணாம்புக்கல் பாறையில் வெடி வைத்த பிளவுகூடத் துல்லியமாக விழுந்திருக்கிறது. சட்டையின் மடிப்பு தெரிகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கரிய வட்டம் ஒன்று. குத்துமதிப்பாக ஓரிடத்தில் பொட்டை வைத்துவிட்டு அக்கா நகர்ந்துவிடுவாள். அந்தப் படத்தை எடுத்த புண்ணியவான் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் குமாஸ்தா வேலை எனக்கு. சிங்கப்பூரில் இருந்த பூலாம்பாடி நண்பன் ஒருவன் லீவில் வந்தபோது அந்தக் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் தலையில் ஒரு திருகு. சுற்றிலும் எண்கள், நடுவே சிவப்பில் ‘A’ என்று ஓர் எழுத்து. "இதுல வச்சிட்டு அமுக்குடா, வெளிச்சத்தை எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மற்ற எண்கள் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரிக்காமல் பெட்டிக்கு அடியில் போட்டேன். வானத்தை அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போடும் ஸ்டூடியோக்காரரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நம்முடையது ஆட்டோமேட்டிக் அல்லவா! அத்தனை திமிர்.

மாமா, அதாவது அக்காவின் புருஷன், அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் வெட்டி லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. நல்ல கறுப்பு. எதையும் யாரிடமும் கேட்காத மனிதர். அவரே ஒருநாள், "மாப்ள, எனக்கு ஒரு போட்டோ புடிச்சுக் குடுய்யா. கல்யாணத்துக்குத்தான் எடுக்கல, அதுக்கப்புறமும் ஒண்ணும் அமையல" என்றார். தன் ஆட்கள் வெட்டி இறக்கிய பாறைக்கு முன்னால்தான் நிற்பேன் என்று சொல்லிவிட்டார். உச்சி வெயில். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் படிந்த கல்தூசியை ஈரத் துண்டால் மூன்று தடவை துடைத்தார். பாறை முழுவதும் விழவேண்டும் என்று நான் பின்னுக்கு நகர்ந்து ரொம்பத் தள்ளிப் போய் நின்றேன். திருகு அந்தச் சிவப்பு எழுத்தில் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், அமுக்கினேன்.

பிரிண்ட் வந்ததும் சுரங்கத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவன், "மேஸ்திரி மூஞ்சி எங்கங்க?" என்றான். எனக்கு மானம் போய்விட்டது. "கேமரா என்ன மாமா பண்ணும்? இருக்குற கலரைத்தான் அது காட்டும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு படத்தை ஒரு தடவை பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் விசேஷ வீடுகளில் நான் கேமராவை எடுத்தாலே அவர் பந்தி பார்க்கப் போய்விடுவார். தன் மகளின் காதுகுத்தில்கூட நிற்கவில்லை. "என்னை எதுக்கு மாப்ள, ஃபிலிமு வீணு" என்பார். நானும் வற்புறுத்தியதில்லை.

மறுவருஷம் திருமழபாடியில், கொள்ளிட மணலில் என் மனைவியை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அவள் நல்ல சிவப்பு. படத்தில் அவள் முகமும் கரியாக வந்தது. அப்படியானால் கோளாறு கலரில் இல்லை. பெட்டிக்கடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, அகராதியோடு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். விஷயம் சின்னதுதான். ஆட்டோவில் விட்டால் கேமரா ஆளைப் பார்ப்பதில்லை. எதிரே இருக்கும் வெளிச்சத்தை மொத்தமாகப் பார்க்கிறது. வெண்மணலோ வெள்ளைப் பாறையோ நிறைந்திருந்தால், ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து சட்டென்று கண்ணை மூடிக்கொள்கிறது. முன்னால் நிற்கிறவன் முகம் இருளில் போய்விடுகிறது. அந்த மாதிரி இடத்தில் சிவப்பு எழுத்தை விட்டு, எண்களுக்குத் திருப்பி, முகத்துக்குக் கிட்டே போய் அளந்து, நாமே அதிக நேரம் திறந்து வைக்கவேண்டும். அடுத்த ஞாயிறே மணலுக்குப் போய் அப்படி எடுத்தேன். மனைவியின் மூக்குத்திக் கல்கூட விழுந்தது.

அரியலூர் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். போய், "மாமா, தப்பு உங்க கலர்ல இல்ல, என் கையிலதான்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை ஆட்கள் முன்னால் சொன்னதைத் திரும்ப விழுங்கவேண்டுமே. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கல்யாணம், சடங்கு என்று ஊரில் உள்ளவர்களையெல்லாம் எடுத்தேன், நல்ல கைராசி என்று பேர்கூட வாங்கினேன். நாலு வருஷம் கழித்து மஞ்சள்காமாலை மாமாவைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. மாலை போட வேறு படம் இல்லை. சட்டைப் பையில் கசங்கியிருந்த அதையே பெரிதாக்கிக் கண்ணாடி போட்டோம்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை. அவள் சந்தனக் கிண்ணத்தோடு படத்தின் முன் நிற்பதைப் பார்த்ததும், இத்தனை காலம் கழித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளைக்கல்லை, திருகை, புத்தகத்தை. நான் முடித்ததும் கேட்டாள்.

"இது உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"அடுத்த வருஷமே தெரிஞ்சுதுக்கா."

"அப்ப அவரு இருந்தாருல்லடா?"

அவள் கோபப்படவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீயே வையி. நெத்தி எங்கன்னு எடுத்தவனுக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கேமரா வழியாக நான் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனம் விரலில் காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.