டீக்கடைக்குப் போன சிவப்புக் கொடி

1. புதுச் சாதனை

"நம் மண்டலத்தின் வரலாற்றிலேயே புதுச் சாதனை" என்று எங்கள் முதல்வர் மைக்கில் முழங்கியபோது நான் ஒரு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றிருந்தேன். சால்வை, ரோஜா மாலை, எலுமிச்சம்பழம். நான் போடியில் ஒரு கல்லூரியின் பிசிகல் டைரக்டர். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் அன்று மலையடிவாரத்து முந்தலில் நடந்தது. ரூட், விசில், ஸ்டாப் வாட்ச் எல்லாம் என் கையில் இருந்திருக்க வேண்டும். சிறப்பு விருந்தினரை வரவேற்க ஒரு பெண் வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டியில் என்னைத் தவிர வேறு பெண் இல்லை. அதனால் தாம்பாளம்.

நாலு பெண்கள் ஒன்றாக ஓடி வந்து ரிப்பனைத் தொட்டார்கள், மீதிப் பேரும் கும்பலாகப் பின்னாலேயே வந்தார்கள். ஸ்டாப் வாட்ச் வைத்திருந்த வணிகவியல் சார் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாக மேடைக்கு ஓடினார். முதல்வர் அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டியிருப்பேன், கை காலியாக இல்லை.

நான் அவர்களை மேலும் கீழும் பார்த்தேன். மலை ரோட்டில் அஞ்சு கிலோமீட்டர் ஏறி அஞ்சு கிலோமீட்டர் இறங்கி வந்த பிள்ளையின் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்ட வேண்டும். இவர்கள் இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி வந்து நின்றார்கள். ஒருத்தி தலையில் வைத்திருந்த மல்லிகை வாடக்கூட இல்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, செல்வராணி எங்கே?

செல்வராணி எங்கள் கல்லூரிப் பிள்ளை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் தோட்டத்தில்தான் வேலை. அவள் ஓடினால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. அது அவளுக்குக் கடைசி வருஷம். அன்றைக்கு முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் பல்கலைக்கழக அணி. அணியில் ஓடிய சான்றிதழ் இருந்தால் போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா. அதை விட்டால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதல் ஆளாக வர வேண்டியவள், மற்றவர்கள் வந்த பிறகும் வரவில்லை.

"செல்வராணி எங்கடி?" என்று மல்லிகைக்காரியைக் கேட்டேன்.

"எங்களுக்கு முன்னாடி போனா மேடம். அப்பறம் பாக்கல."

தாம்பாளத்தை முதல்வர் மடியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

2. பாத்தாச்சு மேடம்

என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் முந்தலில் தொடங்கி குரங்கணி ரோட்டில் போய், பாதி வழியில் சிவப்புக் கொடி பிடித்திருக்கும் ஆளைச் சுற்றித் திரும்பி முந்தலுக்கே வர வேண்டும். காலையில் நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஜீப் ஸ்டாண்டில் சொல்லியாச்சா? "பாத்தாச்சு மேடம்." வளைவுக்கு வளைவு ஆள் போட்டாச்சா? "பாத்தாச்சு மேடம்." வணிகவியல் சார் என்.எஸ்.எஸ். சார் பார்த்துவிட்டார் என்று நினைத்தார். என்.எஸ்.எஸ். சார் போலீஸ்காரர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தார். போலீஸில் யாரும் சொல்லவே இல்லை. ஆம்புலன்ஸ் மட்டும் வந்திருந்தது. அதன் பின்கதவை இழுத்து மூடி, மேலே கல்லூரி பேனரைக் கட்டியிருந்தார்கள். யாராவது மயங்கி விழுந்தால் முதலில் பேனரைத்தான் அவிழ்க்க வேண்டும்.

கொடி பிடிக்கப் போனவர் விலங்கியல் துறை பால்பாண்டி சார். தங்கமான மனுஷன். நிழல் இல்லாத இடத்தில் கொடியோடு நின்றிருக்கிறார். குரங்கணிக்குப் போகிற ஒரு ஜீப் வந்திருக்கிறது. எங்கள் பக்கத்து மலை ரோட்டில் ஒரு ஆள் நிற்பதையோ நடப்பதையோ பார்த்துவிட்டு நிறுத்தாமல் போகிற ஜீப் டிரைவர் கிடையாது. இடம் இல்லாவிட்டாலும் நிறுத்துவார். நிறுத்தாமல் போனது தெரிந்தால் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் பேசியே கொன்றுவிடுவார்கள். இவரோ சிவப்புக் கொடியோடு வேறு நிற்கிறார். டிரைவர் நிறுத்தி, ஏறுங்க சார் என்றிருக்கிறார். இவர் விவரம் சொல்லியிருக்கிறார். "பொட்டப்பிள்ளைக அம்புட்டுத் தூரம் ஓடி வர எந்நேரம் ஆகும் சார், குரங்கணியில ஒரு டீயக் குடிச்சிட்டு எறங்கிரலாம்" என்று அவர் சொல்ல, இவர் ஏறிவிட்டார். கொடியும் ஏறிவிட்டது.

பின்னால் வந்த பெண்கள் திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் நடுரோட்டில் நின்று முழித்திருக்கிறார்கள். அங்கே வந்து சேரும் ஒரு கிளைப் பாதையில், தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு மொக்கராசு இறங்கி வந்திருக்கிறார். அவர் எனக்குத் தெரிந்த டிரைவர்தான். சின்னப் பிள்ளைகள் அரைக்கால் டவுசரோடு ரோட்டில் அலைமோதுவதைப் பார்த்ததும் காட்டுமாடு விரட்டுது என்று முடிவே கட்டிவிட்டார். வா, ஏறு, வெரசா என்று ஏற்றிக்கொண்டு வந்து, முந்தல் வளைவில் இறக்கிவிட்டார். அங்கிருந்து ரிப்பன் தெரிந்திருக்கிறது. ரிப்பனைக் கண்டால் கால் தானாக ஓடும். அந்தப் பிள்ளைகளை நான் திட்ட மாட்டேன். அதுதான் புதுச் சாதனை.

பிள்ளைகளை ஏற்றி வந்த கதையை மொக்கராசுவே என்னிடம் சொன்னார், புளியமரத்தடியில் நின்று வேர்க்கடலை கொறித்தபடி. சொல்லிவிட்டு, "நல்லவேளை டீச்சர், ஒன்னும் ஆகல" என்றார்.

"முன்னாடி ஓடுன பிள்ளைய ஏத்துனீங்களா அண்ணே?"

"முன்னாடியா? அப்படி யாரும் இல்லையே."

முதல்வரிடம் ஓடிப் போய், பரிசளிப்பை நிறுத்துங்கள், ஒரு பிள்ளையைக் காணோம் என்றேன். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "விருந்தினர் இப்பதான் வந்திருக்காரு மேடம். பிள்ளை எங்க போயிரப் போகுது, வந்துரும்" என்றார். வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. மைக்கை அவர் சரியாக மூடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

3. நின்ற இடத்திலேயே ஓட்டம்

மொக்கராசு ஜீப்பை விரட்டினார். குரங்கணி டீக்கடையில் பால்பாண்டி சார் பருப்புவடை தின்றுகொண்டிருந்தார். கொடி கக்கத்தில் இருந்தது.

"சார், இந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஓடிச்சா?"

"ஓடிச்சு மேடம். அருமையான ஓட்டம். நம்ம காலேஜுக்கு இப்படி ஒரு பிள்ளை கெடைக்காதான்னு நெனச்சேன்."

அவரையும் அள்ளி வண்டியில் போட்டேன். வடை அங்கேயே இருந்தது.

அதற்கு மேலே தோட்டத்து ஜீப் பாதை. கல்லும் பள்ளமுமாகக் குலுங்கிக்கொண்டு ஏறினோம். காப்பி பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்களைக் கேட்டேன். "ஆமாத்தா, ஒரு குமரு ஓடிச்சு. வீட்ல சண்டை போலன்னு கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தோம், நிக்கல" என்றார்கள். இரண்டு பக்கமும் காடு. பால்பாண்டி சார் பாடம் நடத்துகிறவர் அல்லவா, இந்தப் பக்கம் கரடி உண்டு என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். நான் வேண்டாத சாமி இல்லை.

ஒரு எஸ்டேட் கேட் வந்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் செல்வராணி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு மேல யானை நிக்கிது, போகாதத்தான்னு மறிச்சேன்மா. சரிங்குது, ஆனா உக்கார மாட்டேங்குது. நீங்கதான் கொடியான்னு என்னயக் கேக்குது" என்றார்.

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். முதுகில் ரெண்டு போட்டேன். பிறகு மறுபடி கட்டிப்பிடித்தேன். பயமும் கோபமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

"ஏண்டி இம்புட்டுத் தூரம் வந்த?"

"கொடி வரைக்கும் ஓடணும்னு சொன்னீங்களே மேடம். கொடி வரவே இல்ல. நின்னா உடம்பு சூடு போயிரும்னுதான் ஓடிக்கிட்டே இருந்தேன்."

"சரி, வண்டில ஏறு."

"வண்டில ஏறுனா அவுட்டுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பால்பாண்டி சார் வெட்கத்தோடு இறங்கி, கொடியை விரித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றார். அவள் அவரைச் சுற்றித் திரும்பி, மலையிறங்க ஆரம்பித்தாள். நாங்கள் ஜீப்பில் பின்னாலேயே ஊர்ந்தோம். எதிரே வந்த ஒவ்வொரு ஜீப்பும் நின்று, ஏறுத்தா ஏறுத்தா என்றது. மொக்கராசு தலையை வெளியே நீட்டி, "அது பந்தயம்டா மாப்ளே, ஏத்தாதே" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

4. தண்ணீர் பாட்டில்

முந்தலில் விருந்தினர் பேச்சு இன்னும் முடியவில்லை. செல்வராணி ரிப்பன் இல்லாத கோட்டைத் தாண்டி ஓடி வந்து நின்றாள். அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த தேர்வாளரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் கெட்டவர் இல்லை, விதியைச் சொன்னார்.

"பாதை மாறி ஓடினா தகுதி இல்லை மேடம். மத்தவங்க சரியாத்தானே ஓடி வந்திருக்காங்க?"

"சரியாத்தான் வந்திருக்காங்க" என்றார் முதல்வர் அவசரமாக. "ரிசல்ட்டும் அறிவிச்சாச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் மொக்கராசு கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நடுவே வந்துவிட்டார்.

"டீச்சர், நான் கொண்டாந்து எறக்குன பிள்ளைல ஒன்னு இத வண்டியிலயே விட்டுருச்சு. அந்தா, மேடையில கப்பு வச்சிருக்கே, அந்தப் பிள்ளைதான். குடுத்துருங்க, எனக்குச் சோலி கெடக்கு."

தேர்வாளர் பாட்டிலைப் பார்த்தார். கப்பைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார். முதல்வர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பால்பாண்டி சார் முன்னால் வந்து, "நான் டீ குடிக்கப் போயிட்டேன் சார்" என்றார். அந்தக் கமிட்டி முழுவதிலும் தன் வாயால் ஒன்றைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவரோடு இன்றைக்கும் எனக்குப் பகை கிடையாது.

ஓட்டம் ரத்து. அடுத்த வாரம் மறுபடி.

அந்த முறை என்னிடம் யாரும் எதையும் ஏந்தச் சொல்லவில்லை. முந்தின நாளே ஜீப் ஸ்டாண்டில் போய் ஒவ்வொரு டிரைவரிடமும் பேசினேன். ஏற்றினால் கால் இருக்காது என்று சொன்னேன். திரும்பும் இடத்தில் நானே கொடியோடு நின்றேன். செல்வராணி மூன்றாவதாக வந்தாள், போன வார வலி காலில் இன்னும் இருந்தது. என்னை நெருங்கியதும் ஓட்டத்தைக் குறைத்தாள்.

"இங்கதானே மேடம்?"

"இங்கதாண்டி. திரும்பு."

அதே மூன்றாவது இடத்தில் முடித்து அணிக்குப் போனாள். போலீஸ் வேலையும் கிடைத்தது.

ஒரு விளையாட்டை நடத்துவதற்கு மேடை, மைக், பேனர் எதுவும் இல்லாவிட்டாலும் நடத்திவிடலாம். ஓடுகிற பிள்ளைக்குத் திரும்பு என்று சொல்ல ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் நிற்கிறாரா என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

சமீபத்தில் செல்வராணி போன் செய்தாள். ஏதோ ஊரில் மாரத்தானாம், இவளுக்கு அங்கே பந்தோபஸ்து டியூட்டி.

"திரும்புற எடத்துல யாருமே இல்ல மேடம். எனக்கு அங்க டியூட்டி கெடையாது. இன்ஸ்பெக்டர்ட்ட கேட்டு நானே போய் நின்னுட்டேன். கடைசியா ஒரு தாத்தா நடந்தே வந்தாரு. அவரு திரும்புற வரைக்கும் நின்னேன்."