கல்லு வீட்டுத் தர்பார்

வாசற்படிக் கல்லில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ‘கல்லு வீடு’ என்று கேட்டால் யாரும் வழி சொல்லும் அந்தச் சுண்ணாம்புக்கல் மாளிகைக்கு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், பாலிடெக்னிக் புராஜெக்டுக்காகப் போயிருந்தேன். பழைய கட்டடம் ஒன்றை இருவர் சேர்ந்து அளந்து வரைந்து, வரலாறும் எழுத வேண்டும். வீடு, என்னோடு சேர்ந்த வகுப்புத் தோழனுடையது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டும் அப்பாவோடு நாங்கள் ஐந்து பேர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்த காலம். கல்லு வீட்டுக்குள் கால் வைத்ததும் முதுகு வேர்வை ஆறியது. இரண்டரை அடிச் சுவர், தேக்கு உத்திரம், கண்ணாடி போல் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்கப் போனவன் நான். அந்தச் சுவர் ஏன் குளிர்கிறது என்பதைப் பாடத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன். தோழனோ அதில் முதுகைச் சாய்த்துத் தூங்கியே வளர்ந்தவன். நான் டேப்பை இழுக்க, மறுமுனையைப் பிடித்தபடி கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“இது தர்பார் ஹாலு தம்பி. கலெக்டரு வந்து உக்காந்த எடம்,” என்றார் அவன் அம்மா.

ஆனால் ஹாலின் ஜன்னல்களைச் சுற்றி மட்டும், பூச்சு உதிர்ந்த இடத்தில், கல்லுக்குப் பதில் செங்கல் தெரிந்தது. பின்னாளில் சுவரை உடைத்து வைத்தவை. முதலில் இருந்தவை கூரையை ஒட்டிய சின்னக் காற்றுத் துளைகள்தாம். வாசலோ பார வண்டி நுழையும் அகலம். படியின் பள்ளங்கள் வண்டிச் சக்கரம் தேய்த்தவை. அவன் தாத்தா பஞ்சு வியாபாரி என்பது ஊரறிந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்ல வேண்டுமென்று சாப்பாட்டு வேளை வரை வாயை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

“இது தர்பார் இல்லம்மா. பஞ்சு குடோன். பொறவுதான் வீடா மாத்தியிருக்காவ.”

முகம் சுண்டும் என்று பார்த்தேன். அவனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

“ஏலே, அப்ப எங்க தாத்தா கலெக்டர குடோன்லயா உக்கார வச்சு அனுப்பிருக்காரு!”

“அவிய செய்யக்கூடிய ஆளுதாம்ல,” என்று அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலைக்குள் தெருவே சொல்லிச் சிரித்தது. என் வீடு குடோனாக இருந்திருந்தால் அது ஏழ்மை. அவன் வீடு குடோனாக இருந்தால் அது கதை.

புராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கட்டடத்தின் வரலாற்றைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான். நான் எழுதிய அதே வரிகள், அவன் வாயில் ‘எங்க தாத்தா’ என்று தொடங்கின. தேர்வாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். திருடிவிட்டான் என்று மனதுக்குள் திட்டத் தொடங்கிய நேரம், என் தோளில் கைபோட்டான்.

“கண்டுபிடிச்சது பூரா இவன்தான் சார். நான் அந்த வீட்ல தூங்கத்தான் செஞ்சேன்.”

திட்டுவதற்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று.

இப்போது ராஜபாளையத்தில் வீடுகளுக்குப் பிளான் வரைந்து பிழைக்கிறேன். போன வாரம் அவன் என் ஆபீசுக்கு வந்தான். கல்லு வீட்டின் மேல் ஒரு ரூம் எடுக்க வேண்டுமாம்.

“எம்புட்டு பாரம் தாங்கும்னு ஒனக்குத்தாம்ல தெரியும். ஒன் வீடு மாதிரி நெனச்சுப் போடு.”

பென்சிலைச் சீவினேன். ‘மாதிரி’ என்ற அந்த ஒரு சொல்லை இன்னும் மன்னிக்க முடியவில்லை.