பங்கர் வாசலில் ஒரு விமானி

அரியாலையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை, எண்பத்துமூன்று கலவரத்துக்கு முன்பு இலங்கை விமானப்படையில் விமானியாக இருந்தவர். தொண்ணூறில் குண்டு போடச் சிறிய விமானங்கள் வரும்போது நாங்கள் பங்கருக்குள் பாய்வோம். அவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்.

"உது பழக்கிறதுக்குச் செய்த பிளேன். கை வைச்சாலே திரும்பும்" என்றார் ஒருநாள். "எண்டாலும் நான் பழகின பழைய ஜெட் மாதிரி வராது. ஜெட்டெண்டாலும் அதுக்கு வேகம் காணாதுதான். ஆனா நாங்கள் விடுற பிழையெல்லாம் பொறுத்துக்கொள்ளும்."

"அப்ப அதையே கட்டியிருக்கலாமே! உள்ளுக்கு வாங்கோ!" என்று கத்தினார் அவர் மனைவி.

"கேட்டனான், தரமாட்டம் எண்டிட்டாங்கள்" என்றபடி அண்ணை இறங்கி வந்தார்.

பயத்தையும் மறந்து சிரித்தோம். விமானம் போன பிறகும் அவர் ஜெட் கதையை விடவில்லை. வெளியே வந்தபோது அடுப்பில் விட்டு வந்த என் சோறு அடிப்பிடித்திருந்தது. அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம்.