காணும் பொங்கலன்று எங்கள் தெருவில் பஸ் ஓடாது

சின்னா, என் மகனே, நம் தெருவை மூட அனுமதி கிடைத்துவிட்டது!

நீ போன துக்கத்தில் இந்த வருடம் பொங்கல் விளையாட்டு வேண்டாமென்று தெருவே ஒதுங்கியிருந்தது. மனசு கேட்கவில்லை. இன்று நானே டவுன்ஷிப் ஆபீசுக்குப் போனேன்.

"சுரங்கத்துக்கு ஷிப்டு பஸ் போற ரோடாச்சேம்மா" என்றார் ஆபீசர்.

"ஒரு நாளு அடுத்த தெருவால சுத்திகினு போனா, மைன்ஸ் என்ன ஓடியா பூடும், சார்?"

சிரித்துவிட்டார். "துக்க வீட்டுக்குத்தான் இந்த வருஷம் பொங்கல் கிடையாதேம்மா?"

"வூட்டுக்குத்தாங்க கிடையாது. தெருவுக்கு உண்டுல்ல?"

கையெழுத்துப் போட்டுவிட்டார்! வந்து சொன்னதும் தெருவில் ஒரே விசில். கோலத்துக்கு, மைக்குக்கு, எல்லாவற்றுக்கும் ஆள் சேர்ந்தாயிற்று.

உறியடியில் பானையை எட்டவிடாமல் நீ இழுத்து இழுத்து விளையாட்டுக் காட்டும் கயிறுதான் மிச்சம். அதை யார் கையில் கொடுக்கட்டும், சொல்லு?