வரைபடத்தில் ஏறிய நண்டுக்கறிக் கடை

எங்கள் கடை மட்டக்களப்புக்குப் பக்கத்தில் தன்னாமுனையில், பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைக்குள் இருக்கிறது. வீட்டின் முன்பக்கத்தில் தகரம் இறக்கி, நாலைந்து மேசை போட்டோம். மத்தியானச் சோறு, நண்டுக்கறி, இறால் பொரியல், அவ்வளவுதான் வியாபாரம். என் கணவர் சமைப்பார். நான் பரிமாறுவேன், மேசை துடைப்பேன், இடைக்கிடை அவரை ஏசுவேன்.

அவர் சமையல் பழகியது கட்டாரில், தொழிலாளர் முகாம் ஒன்றின் குசினியில். அவர் அங்கே இருந்தபோதுதான் மகள் பிறந்தாள். திரும்பி வந்து வாசலில் நின்று அவர் கையை நீட்டியபோது, பிள்ளை வீரிட்டுக் கத்திக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போனுக்குள் இருக்கும் அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். பெட்டியோடு நிற்கும் அந்த மனிதரைத் தெரியாது. அன்று அவர் சாப்பிடவில்லை. "இனிப் போகமாட்டன் புள்ள" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் கடையே திறந்தோம்.

ஊர்ச்சனம் எங்களிடம் நண்டுக்கறி வாங்காது. அவரவர் வீட்டில் அதைவிட நன்றாகச் சமைப்பார்கள், அல்லது அப்படி நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு வேண்டியது பாசிக்குடாவில் தங்கிவிட்டு மட்டக்களப்பு நகரம் பார்க்க வரும் ஆட்கள். அவர்கள் யாரையும் வழி கேட்பதில்லை. வானுக்குள் இருந்தபடியே போனில் சாப்பாட்டுக்கடை தேடுவார்கள். பக்கத்தில் எது தெரிகிறதோ அங்கே வந்து இறங்குவார்கள். எங்கள் கடை தெரியவே இல்லை.

கடல் அடங்கி ஆட்கள் வரும் மாதங்களிலும் வியாபாரம் இப்படியே கிடந்தால் மறுபடியும் கட்டார்தான் என்று அவர் முகவரிடம் பேசி வைத்திருந்தார். எனக்கு அது தெரியவந்த அன்று வீட்டில் பெரிய சண்டை. "எனக்குச் சொல்லாம எப்படிப் பேசுவீங்க?" என்று கத்தினேன். கத்தி முடிந்ததும் போனைக் கையில் எடுத்தேன். இந்த மனிதரை இங்கேயே வைத்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். மேப்பில் கடையைப் பதிந்தேன். முதல் தரம் சிவப்புப் புள்ளி வாவிக்குள் போய் விழுந்தது. "என்னகா, நண்டுக்கே சோறு விக்கப் போறமா?" என்று அவர் சிரித்தார். புள்ளியைக் கரைக்கு இழுத்து வந்தேன். திறக்கும் நேரம், பூட்டும் நேரம், என் போன் இலக்கம் எல்லாம் போட்டேன். கறிச்சட்டியை வெயிலில் வைத்துப் படம் எடுத்தேன். கடைப் பெயரோடு "நண்டுக்கறி, மத்தியானச் சாப்பாடு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதினேன். கொஞ்ச நாளில் ஒரு குடும்பம் போனைப் பார்த்துக்கொண்டே ஒழுங்கைக்குள் இறங்கி வந்தது. சாப்பிட்டுப் போய் மேப்பில் எங்கள் கடைக்குக் கீழே சிங்களத்தில் எழுதியிருந்தார்கள்: கறி திறம், உறைப்பு, பரிமாறுகிற அம்மாவுக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல். அவர் அதை வாசித்துக் காட்டச் சொல்லி மறுபடி மறுபடி கேட்டார்.

அந்தச் சந்தோசத்தில்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். போனில் எங்கள் குடும்பக் குழு ஒன்று இருக்கிறது. சுவிஸில் மாமி, கனடாவில் பெரியப்பா பிள்ளைகள், லண்டனில் மச்சான்மார் என்று உலகம் முழுக்கச் சொந்தம். அதில் கடையின் மேப் இணைப்பைப் போட்டு, எல்லாரும் நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டுவிட்டார். எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா? கலியாண வீட்டுக்குப் பந்தல் போட வருவதுபோல ஒரே நாளில் திரண்டு வந்தார்கள். ஆளுக்கு ஐந்து நட்சத்திரம். 'தம்பிட கை மணம் வேற ஒருத்தருக்கும் வராது' என்று, நாட்டை விட்டுப் போய் ஒரு தரமும் திரும்பி வராத மாமி எழுதியிருந்தார். நானும் வாசித்து வாசித்துக் கண் கலங்கினேன்.

அந்தக் கிழமையே கடை மேப்பிலிருந்து காணாமல் போனது.

ஏறாவூரில் போன் கடை வைத்திருக்கும் ஒரு நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சாப்பிடாத ஆக்கள், அதுவும் வெளிநாட்டில இருந்து, ஒரே நாள்ல இவ்வளவு பேர் புகழ்ந்தா கள்ளக் கடை எண்டுதான் மேப் நினைக்கும் தங்கச்சி" என்றார். எழுதியவர்களையே அழிக்கச் சொல்ல வேண்டும். கடை உண்மையில் இருக்கிறது, நடத்துகிறவரும் அங்கேதான் இருக்கிறார் என்று வீடியோ எடுத்து மேப்காரருக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். மாமியிடம் அழிக்கச் சொன்னதற்கு அவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்.

வீடியோ எடுக்க அவர் கோயிலுக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டார். ஒழுங்கை, பெயர்ப்பலகை, அவர் திறப்பைப் போட்டுக் கதவைத் திறப்பது, குசினிக்குள் போய் அடுப்பை மூட்டுவது எல்லாவற்றையும் வெட்டாமல் எடுத்தேன். நடுவில் மகள் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "கிடக்கட்டும், அப்பிடியே அனுப்பு" என்றார்.

பதில் வரவில்லை. கடல் அடங்கியது. பிரதான வீதியில் வான்கள் போய்க்கொண்டே இருந்தன. சில நாள் ஒழுங்கை முகப்பில் போய் நின்று பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட வேகத்தைக் குறைக்காது. மிஞ்சிய சோற்றை அயல்வீடுகளுக்குக் கொடுத்தோம். விசா வந்துவிட்டது. மகள் பாலர் பாடசாலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். பிள்ளை பார்த்தால் தன்னால் போக ஏலாது என்றார்.

அவர் போன பிறகுதான் பதில் வந்தது. கடை இருப்பது உறுதியாகிவிட்டதாம், நடத்துகிறவர் அங்கேதான் இருக்கிறாராம். குசினி நிலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாரை ஏசுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை தேடினால் முதலில் வருவது நாங்கள்தான். என் அக்கா உதவிக்கு வருகிறார், இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கிறோம். பின்நேரத்துக்கு முன்னரே சட்டி காலியாகிவிடுகிறது. "வந்திருங்க, கடை நல்லா ஓடுது" என்று அவரிடம் சொன்னேன். "ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சிட்டன் புள்ள. இடையில விடமாட்டாங்கள்" என்றார்.

மேப்பில் இருப்பது என் போன் இலக்கம். கட்டாரிலிருந்து அவர் கூப்பிடுவதும் அதே போனுக்குத்தான். ஆரம்பத்தில் அது அடித்தால் போதும், மகள் எங்கே நின்றாலும் "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். நண்டு இருக்கா, எத்தனை மணி வரை திறந்திருக்கும், வான் நிற்பாட்ட இடம் இருக்கா என்று யாரோ கேட்பார்கள். அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டுப் போவாள். வியாபாரம் கூடக் கூட, பிள்ளை ஓடி வந்து ஏமாறுவதும் கூடியது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நேற்று மத்தியானம் என் கை முழுக்க மசாலா. மேசையில் போன் அடித்தது. பக்கத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த மகள் அசையவில்லை.

"மகள், போன எடுங்க" என்றேன்.

"நண்டு கேக்கிறாங்க அம்மா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

கையைத் துடைத்துக்கொண்டு நானே போய் எடுத்தேன். அவர்தான். "மகளிட்டக் குடு புள்ள" என்றார்.