தூங்குகிற வண்டியின் பியூஸ் பெட்டி

மாதேஸ்வரன் எந்த வண்டிக்குள் ஏறினாலும் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பார். கருகிய வாடை பழையதா புதியதா என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். அதற்குப் பிறகுதான் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். அதன் ஒரு காது உடைந்து, நீல இன்சுலேஷன் டேப்பின் தயவில் நிற்கிறது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளின் வரிசையில் கடைசித் தகரக் கொட்டகை அவருடையது. வயது ஐம்பத்து மூன்று. வண்டிக்காரர் கோளாறைச் சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "எது கெட்டுப்போச்சுன்னு அப்பறம் சொல்லுங்க. கடைசியா யாரு கை வெச்சாங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்பார். பாதிப் பேர் அதற்கு விழிப்பார்கள்.

பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பார்த்திருக்கிற சாமான்களை வைத்து ஒரு பெட்டிக்கடை போடலாம். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், ஊக்கு, செப்புக் கம்பி, ஒருமுறை ஒரு கொலுசுத் திருகு. அவற்றைப் பிடுங்கி எடுக்கும்போது திட்டமாட்டார். உதட்டை மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வார். வேலையில் உட்கார்ந்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும். பக்கத்துப் பட்டறை வெல்டர் காளியண்ணன் அதற்காகவே வந்து நிற்பார். "என்ன மாப்ள, ஒயர் வேலையா, சேமியா வேலையா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்து போவார்.

அந்தப் புதன்கிழமை வந்த வண்டி நிஜமாகவே சேமியாதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் தனசேகரும் அவர் மனைவி தேவிப்ரியாவும் பதினெட்டு வருசத்துப் பழைய வேன் ஒன்றை வாங்கி, வீடு மாதிரி ஆக்கியிருந்தார்கள். உள்ளே கட்டில், சின்ன பிரிட்ஜ், மின்விசிறி, பாத்திரம் கழுவும் தொட்டி. ஆறு வயது மகள் யுவஸ்ரீயுடன் இரண்டு மாதம் அதிலேயே குஜராத் வரை போய்வருவதாகத் திட்டம். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்ப வேண்டும். அந்த வேன் முதலில் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது, பிறகு கோயில்களுக்கு வாடகைக்கு ஓடியது. கைமாறிய ஒவ்வொரு முறையும் யாரோ நாலு ஒயரைச் சேர்த்திருந்தார்கள், யாரும் ஒன்றையும் எடுக்கவில்லை. பிரேக்கை மிதித்தால் கட்டில் விளக்கு எரிந்தது. விசிறியைப் போட்டால் பிரிட்ஜ் நின்றது. பியூஸ் பெட்டியின் மூடி சாத்தவே முடியாமல் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டி அலுத்துப்போயிருந்தார் தனசேகர். பேட்டரியிலிருந்து பிரிட்ஜுக்கு நேராக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தால் போதும், மற்றதைப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மாதேஸ்வரன் மாட்டேன் என்று தலையாட்டினார். "லாரியில டிரைவர் முழிச்சிருப்பானுங்க. பொகை வந்தா குதிச்சுருவான். இது தூங்கற வண்டிங்க."

புதனும் வியாழனும் வேறு வண்டி எதையும் தொடவில்லை. ஒவ்வொரு ஒயராகப் பிடித்து, அது எங்கே போகிறது என்று கண்டுபிடித்து, துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினார். எங்கும் போகாமல் பாதியில் செத்துக்கிடந்தவை மட்டும் பதினோரு ஒயர். அவற்றை உருவி வெளியே போட்டார். புதிய பியூஸ் பெட்டி வைத்து, விளக்குக்குத் தனி, விசிறிக்குத் தனி, பிரிட்ஜுக்குத் தனி என்று பிரித்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. குடும்பத்தோடு வண்டியை எடுக்க வந்த தனசேகர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து, தேவிப்ரியாவைப் பார்த்துச் சிரித்தார்.

மாதேஸ்வரன் சாவியைக் கொடுக்கவில்லை. எல்லா பியூஸையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பேட்டரியின் ஒரு முனையைப் பிரித்து, நடுவில், கரண்டு ஓடினால் எரியும் டெஸ்ட் லேம்பைப் பிடித்தார். பியூஸே இல்லாத வண்டியில் கரண்டுக்குப் போக இடமில்லை. விளக்கு எரியக் கூடாது.

மங்கலாக எரிந்தது.

இதற்குள் தனசேகர் போன் பேசிக்கொண்டே வேனுக்குள் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தார். விளக்கு பளிச்சென்று ஆனது.

"எந்திரிங்க" என்றார் மாதேஸ்வரன்.

எழுந்தார். விளக்கு மங்கியது.

"உக்காருங்க."

மறுபடி பளிச்சிட்டது. வெளியே நின்ற தேவிப்ரியா விளக்கைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், மகளின் கையைப் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டாள். கட்டிலில் படுக்கப்போகிறவள் யுவஸ்ரீதான்.

கட்டிலைப் பிரித்தால் இன்று முடியுமா என்று தனசேகர் தயங்கினார். முடியாவிட்டால் நாளைக்குப் பயணம் இல்லை என்று மாதேஸ்வரன் சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் முதல் திருகைக் கழற்றத் தொடங்கியிருந்தார். பலகையைத் தூக்கியபோது தெரிந்தது. பேட்டரியின் தடித்த ஒயரோடு ஒட்டிக் கிளம்பி, பியூஸ் பக்கமே போகாமல் ஒரு சிவப்பு ஒயர் தரையோடு வந்து, சுவரேறிக் கூரைக்குப் போயிருந்தது. கட்டில் செய்த தச்சர் அடித்த திருகு ஒன்று அதன் தோலைக் கிழித்துக்கொண்டு இரும்புச் சட்டத்தில் இறங்கியிருந்தது. பக்கத்துப் பலகையில் கரி படிந்திருந்தது.

ஒயரின் நடுவில் ஓர் ஒட்டு இருந்தது. அதைச் சுற்றிய டேப்பைப் பிரித்தவரின் கை நின்றது. இரண்டு நுனியையும் எதிரெதிராக மடித்து, ஒன்றின் வயிற்றில் மற்றதைச் செருகி முறுக்கிய ஒட்டு. வெண்ணந்தூரில் தறிப்பட்டறையில் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்த பையனாக அவர் பழகிய முடிச்சு அது. அதே முறுக்கில் ஒயரை ஒட்டுகிறவர் இந்த வரிசையில் வேறு யாரும் கிடையாது. அந்தக் காலத்தில் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவர் கொட்டகையில் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். சாமி ஊர்வலத்தின் நடுவில் பியூஸ் போய்க் கூரையின் சீரியல் விளக்கு அணைந்தால் அபசகுனம் என்று வண்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் பேட்டரியிலிருந்து நேராக இழுத்துக் கொடுத்துவிடுவார். அப்படி எத்தனை வண்டி என்று அவருக்கே கணக்கில்லை. பெயிண்ட் மாறி, ஜன்னல் மாறி வந்த இந்த வேனை அடையாளம் தெரியவில்லை.

"எந்தப் பாவி பண்ணுன வேலைங்க இது?" என்றார் தனசேகர், கரியைத் தொட்டுப் பார்த்து.

பழைய பட்டறைக்காரர்களில் யார் பெயரையாவது மாதேஸ்வரன் சொல்லியிருக்கலாம். தூணோரம் நின்றிருந்த காளியண்ணன்கூட அப்படித்தான் எதிர்பார்த்தார்.

"நாந்தாங்க" என்றார் மாதேஸ்வரன். "அப்ப வெளக்கு அணையக் கூடாதுங்கறது மட்டுந்தான் தெரிஞ்சுது."

அவர் அந்த ஒயரை பேட்டரியிலிருந்து கூரை வரை ஓர் அங்குலம் விடாமல் உருவினார். மறுபடி டெஸ்ட் லேம்பைப் பிடித்தார். எரியவில்லை. தனசேகரை உட்காரச் சொன்னார், யுவஸ்ரீயைக் கட்டிலில் குதிக்கச் சொன்னார். எரியவில்லை. கட்டிலைத் திரும்பப் பூட்டி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது.

தனசேகர் கையை நீட்டிச் சாவியை வாங்கினார். ஆனால் குடும்பத்தை ஏறச் சொல்லவில்லை. சாவியைக் கைக்குள் உருட்டிக்கொண்டு நின்றார். தேவிப்ரியா கணவனைப் பார்க்காமல் கேட்டாள். "இனி பயமில்லீங்களா?"

மாதேஸ்வரன் பியூஸ் பெட்டியின் முன் குனிந்தார். எல்லா பியூஸையும் செருகினார். விசிறி, பிரிட்ஜ், விளக்குகள் அத்தனையையும் போட்டார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வேனுக்குள் ஏறினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"அஞ்சு மணிக்கு எழுப்புங்க" என்றார். கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.